சாலையோரச் சீமைக் கருவேலம்: ராமநாதபுரத்தில் எதை முதலில் எடுப்பது, எதைச் சில காலம் விடுவது

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர், கடலாடி வழியாகச் சாயல்குடிக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "கையை உள்ளே வைங்க" என்று நடத்துநர் சத்தம் போடுவதே இந்த முள்ளுக்காகத்தான். சாலையின் இரு பக்கமும், ஓடைக் கரையிலும், கண்மாய்க்குள்ளும், தரிசுப் புஞ்சையிலும் அது நிற்கிறது. ஊரில் வேலிக்கருவை என்பார்கள், அரசு கோப்பில் சீமைக் கருவேலம்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேலத்தைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. சாலையோரத்தில் நிற்பதைத் தனியாக எடுத்துப் பேசுவது குறைவு. சாலை அகலப்படுத்தும்போது வெட்டுகிறார்கள், தலைவர்கள் வரும்போது கழித்துவிடுகிறார்கள், மற்ற நாளில் அது யாருடைய பொறுப்பும் இல்லை. இந்த ஆய்வு அந்தச் சாலையோரத்தைப் பற்றியது. ஐந்து கிலோமீட்டர் சாலைக்குள்ளேயே இன்றைக்கே தூரோடு எடுக்க வேண்டிய மரமும் இருக்கிறது, இன்னும் நாலைந்து வருஷம் நின்றால் நல்லது என்று சொல்லத்தக்க மரமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே உத்தரவு போட்டதால்தான் இத்தனை ஆண்டுகளாகச் செலவு மட்டும் ஆகிறது, முள் குறையவில்லை என்பது என் முடிவு.

வந்த வழி

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வட பகுதி ஆகியவை இதன் தாயகம். 1870-களில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் விதை வரவழைக்கக் கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடப்பட்டது. விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் உதவும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மழை தவறினாலும், உவர் நிலமானாலும், ஆடு மாடு கடித்தாலும் பிழைக்கிற மரம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு விறகுத் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இன்னும் பரவலாக ஊன்றப்பட்டது. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் ஒரு சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் ராமநாதபுரத்துக்கு, அடுப்பெரிக்க ஒரு மரம் என்ற அளவில் அது பெரிய உதவி.

விவசாயம் சுருங்கி நிலம் தரிசாகக் கிடக்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. உழுகிற நிலத்தில் கருவேலம் நிற்காது. உழவு நின்றால் இரண்டு மழையில் புதர், ஐந்தாறு வருஷத்தில் காடு. கண்மாய்ப் பராமரிப்பு கிராமத்தின் கையை விட்டுப் போனதும் கண்மாயிலும் இதே கதைதான்.

2017

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அந்த வறட்சியின் நடுவில்தான் சீமைக் கருவேலம் மாநிலம் தழுவிய பிரச்சினையாக வெடித்தது. மதிமுக பொதுச்செயலாளர் வைகோ 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2017 தொடக்கத்தில் தென் மாவட்டங்களில் மரங்களை அகற்றுவதைக் கண்காணிக்க நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர்களை நியமித்தது. இந்த மரத்தை ஒழிக்கத் தனிச் சட்டம் கொண்டுவரச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்களுக்கு 100 கருவேல மரங்களை வெட்ட வேண்டும் என்பதே நிபந்தனையாக விதிக்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள், இளைஞர் மன்றங்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் அரிவாளோடு இறங்கினார்கள். அந்த ஆர்வம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில், அறிவியல் ஆய்வு எதுவும் இல்லாமல் இப்படி வெட்டலாமா என்று கேட்டு வந்த இன்னொரு வழக்கில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நிபுணர் குழு, அறிக்கை, தடை நீக்கம் என்று போனது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களையும் சூழல் மீட்டெடுப்பையும் பற்றிக் கொள்கை வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தை நாட்டு மரங்களைக் கொண்டு மீட்டெடுப்பதும் சேர்ந்தது. 2017-இல் விடுபட்டிருந்தது அதுதான்.

சாலையோரத்தில் அந்த வருஷம் நடந்த வேலைக்கு வருவோம். வெட்டியதில் பெரும்பகுதி தரைக்கு மேலே வெட்டியது. அரிவாளாலும் மரம் அறுக்கும் இயந்திரத்தாலும் முழங்கால் உயரத்தில் அறுத்துப் போட்டு, படம் எடுத்து, அறிக்கை அனுப்பியாயிற்று. கருவேலத்தை அப்படி வெட்டுவது அதைக் கவாத்து செய்வதற்குச் சமம். வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குள் ஒரு சாணுக்குள்ளாக, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டியதும் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாக நின்ற மரத்தின் அடியிலிருந்து அடுத்த மழைக்கு எட்டு, பத்துக் கொப்பு கிளம்பும். இளங்கொப்பில் முள் இன்னும் நீளம், இன்னும் கூர்மை. கொப்புகள் சாலைப் பக்கமாகவே சாயும், வெளிச்சம் அந்தப் பக்கம்தானே. நிழல் தந்த மரம் போய், நிழலும் தராமல் வழியையும் மறைக்கும் புதர் வந்தது.

வதந்திகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்

அந்தச் சமயத்தில் கைப்பேசிகளில் சுற்றிய செய்திகளை இன்னும் நம்புபவர்கள் இருக்கிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கரியமில வாயுவை மட்டும் வெளிவிடும், இதில் பறவை கூடு கட்டாது, இதன் அடியில் கட்டிய மாடு மலடாகும் என்பவை அவற்றில் சில. இவற்றுக்கு ஆதாரம் இல்லை. கூடு கட்டாது என்பதை நம் மாவட்டமே பொய்யாக்குகிறது. காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயங்களில் நாட்டுக் கருவேலத்தோடு சீமைக் கருவேலத்திலும் கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. இவற்றில் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை.

உண்மையான குற்றச்சாட்டுகளே போதுமான அளவு கனமானவை. கோடை முழுக்க இலையோடு நிற்பதால், மற்ற மரங்கள் இலை உதிர்த்து அடங்கியிருக்கும் மாதங்களிலும் இது மண்ணின் நீரை எடுத்துக்கொண்டேயிருக்கிறது. இதே குடும்பத்து மெஸ்கிட் மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சுரங்கம் ஒன்றில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டதாக 1960-இல் பதிவானது. இலைச்சருகு மற்ற செடிகளின் முளைப்பைத் தடுக்கிறது. புல் போகிறது, புல்லோடு மேய்ச்சல் போகிறது. மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தருகிறது.

காயில் இனிப்பு அதிகம். கென்யாவின் பாரிங்கோ பகுதியில் இந்தக் காயைத் தின்று பல் சொத்தையாகி விழுந்த ஆட்டை 2006-இல் நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினார்கள் அந்தப் பகுதி மேய்ச்சல்காரர்கள். 1980-களில் விறகுத் திட்டம் என்று நடப்பட்ட மரம்தான் அங்கேயும்.

சாலையோரம் ஏன் தனிக் கணக்கு

தார்ச்சாலையில் விழும் மழை முழுவதும் ஓரத்துக்கு வழிகிறது. அதனால் பக்கத்துப் புஞ்சையைவிடச் சாலையோர மண்ணுக்கு ஈரம் அதிகம். சாலை போட மண் எடுத்த பள்ளங்களிலும் தண்ணீர் தேங்குகிறது. உழவு இல்லை, யாரும் காவல் இல்லை. கருவேலத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அதோடு சாலைதான் ஆடு மாடுகளின் வழி. கோடையில் காய் பழுத்து உதிரும் காலத்தில் மேய்ச்சலுக்குப் புல் இருக்காது, காய்தான் தீவனம். ராமநாதபுரம் கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள், கிடை ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டா வரை போவது இந்தச் சாலையோரங்களை ஒட்டித்தான். விதையின் மேலோடு கெட்டி. கால்நடையின் வயிற்றில் அது இளகி, எருவோடு சேர்ந்து வெளியே வருகிறது. ஆட்டைவிட மாட்டுச் சாணத்தில் விதை அதிகம் உயிரோடு தப்பும். ஐப்பசி மழைக்குப் பிறகு சாலையோரத்தில் கிடக்கும் காய்ந்த சாணி ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். ஒரே சாணியிலிருந்து கொத்தாக, கீரைப்பாத்தி விதைத்ததுபோல் நாற்றுகள் கிளம்பியிருக்கும். அந்த வாரத்தில் இரண்டு விரலால் பிடுங்கலாம். தை மாதத்தில் மண்வெட்டி வேண்டும். இரண்டு வருஷம் விட்டால் ஜேசிபி வேண்டும்.

மீதி விதையைத் தண்ணீர் கொண்டுபோகிறது. சாலையின் குறுக்கே போகும் ஒவ்வொரு குழாய்ப் பாலமும் ஏதோ ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். பாலத்து வாயில் நிற்கும் பத்து மரத்தின் காய் அடுத்த மழையில் கண்மாய்க்குள் போய்ச் சேரும். கண்மாயை லட்சக்கணக்கில் செலவழித்துச் சுத்தம் செய்துவிட்டு, மேலே சாலையோரத்தில் காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை விட்டால் மூன்றாம் வருஷம் மறுபடி டெண்டர் விட வேண்டியதுதான்.

எது சீமை, எது நாட்டு மரம்

வெட்டும் வேலைக்கு ஆள் விடும்போது இதைக் காட்டிக் கொடுக்காமல் விட்டால் நஷ்டம் நாட்டு மரங்களுக்கு. ராமநாதபுரம் சாலையோரங்களில் நாட்டுக் கருவேலம், குடைவேல் என்கிற உடை, வெள்வேல், வன்னி எல்லாம் சீமையோடு கலந்து நிற்கின்றன. ஜேசிபி ஓட்டுநருக்கு எல்லாமே முள் மரம்.

பூவும் காயும் இருக்கும்போது குழப்பமே வராது. நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும், காய் மணி கோத்த மாலைபோல் இடையிடையே ஒடுங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், முள் வெள்ளையாக நேராக நீளும். சீமையில் பூ வெளிர் மஞ்சள் கதிராகத் தொங்கும், காய் முற்றியதும் வைக்கோல் நிறத்தில் தட்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். உடையின் கொண்டை குடை விரித்த மாதிரி மேலே தட்டையாகப் பரந்திருக்கும், காய் சுருண்டிருக்கும். வன்னியின் முள் சிறியது, கொப்பு நெடுகச் சிதறி இருக்கும். வேலை தொடங்குமுன் விடவேண்டிய மரத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. வெட்டவேண்டிய மரத்துக்கு அடையாளம் போடுவதைவிட, விடவேண்டிய மரத்துக்குப் போடுவது பாதுகாப்பு.

கரிமூட்டமும் வயிற்றுப்பாடும்

முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கருவேலம்தான் வருமானம். முள் வெட்டுவது, விறகு அடுக்குவது, மூட்டம் போடுவது, கரி பிரிப்பது, லாரி ஏற்றுவது என்று வேலை நீள்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் பஞ்சம் பிழைக்க வெளியூர் போகாமல் ஊரிலேயே இருந்தவர்கள் பலர் இந்த மரத்தால் இருந்தவர்கள். சொந்தப் பட்டா நிலத்தில் மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி விற்கவே கருவேலத்தை விட்டு வைக்கிறவர்களும் உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் பகுதியில் இந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் வந்தன. செங்கல் சூளைக்கும் இதுதான்.

ஒழிப்பு பற்றிப் பேசுகிற பலருடைய திட்டத்தில் இந்தக் குடும்பங்கள் இல்லை. அது நியாயமும் இல்லை, காரியத்துக்கும் உதவாது. தூர் எடுப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி, செலவான பகுதி. அந்தத் தூருக்குக் கரிச் சந்தையில் நல்ல விலை இருக்கிறது. தூர்க்கரி கனமானது, நின்று எரியும். சாலையோர மரத்தைத் தூரோடு எடுத்தால்தான் ஏலம் செல்லும் என்று நிபந்தனை போட்டால், அரசு பணம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலையைக் கரிக்காரர் தன் லாபத்துக்காகச் செய்துகொடுப்பார். இப்போது நடப்பது தலைகீழ். நிற்கும் மரத்துக்கு மதிப்புப் போட்டு ஏலம் விடுகிறார்கள், எடுத்தவர் பருத்த கட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார், சிறு கொப்பும் தூரும் அங்கேயே கிடக்கின்றன.

குஜராத்தின் பன்னி புல்வெளியில் இதே மரத்திலிருந்து கரி எடுக்க இருந்த தடையை 2004-இல் தளர்த்தினார்கள். கரி பெருமளவில் போனது. கண்காணிப்பு இல்லாததால் வேறு மரங்களும் மூட்டத்துக்குப் போகின்றன என்ற புகார் எழுந்து, சில ஆண்டுகளில் தடை திரும்பி வந்தது. சந்தையை நம்பி முழுவதையும் அதன் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நமக்குத் தெரிந்த உதாரணம். சுண்ணாம்புப் பட்டையும் ஊர்க்காரர் கண்ணும் இல்லாமல் தூர் நிபந்தனை மட்டும் போதாது.

இடம் பார்த்து எடுப்பது

குழாய்ப் பாலங்களின் வாயும் வரத்துக்காலும் முதலில். ஒவ்வொரு பாலத்துக்கும் இரு பக்கமும் ஐம்பது மீட்டர் தூரத்துக்குக் காய்க்கிற மரம் ஒன்றுகூட நிற்கக்கூடாது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு சாலையில் இருக்கும் பாலங்களை எண்ணிவிடலாம்.

அடுத்தது வளைவு, சந்திப்பு, பள்ளிக்கூடம், ரயில்வே கேட். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டிய இடங்கள் இவை. இங்கேயும் மேலாக வெட்டினால் பயனில்லை, ஆறே மாதத்தில் முன்னைவிட மோசமாக மறைக்கும். மண் ஓரம் முழுக்க முள் பிடித்துக்கொண்டால் சைக்கிளில் போகிற பிள்ளையும் தலைச்சுமையோடு நடக்கிற பெண்ணும் தார் மேல் ஏற வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் மணல் லாரிக்கு அவர்கள் தெரிவதில்லை. என் பார்வையில் இந்த மரத்தின் மேல் இருக்கும் குற்றச்சாட்டுகளில் மிக உடனடியானது இதுதான், ஆனால் எந்த வழக்கிலும் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

கண்மாய்க் கரையே சாலையாக இருக்கும் இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். இந்த மாவட்டத்தில் அப்படிப் பல சாலைகள் உண்டு. கரையில் வேர்விட்ட மரத்தை ஆவணி, புரட்டாசியில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் கரையில் குழி விழுந்து, மண் இறுகுவதற்குள் மழை வந்துவிடும். உடைப்பு எடுப்பது அங்கேதான். கரையில் நிற்பதைத் தரையோடு அறுத்து, கிளம்பும் கொப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை கழித்துக்கொண்டே வந்தால் தூர் மெல்லச் சோர்ந்துபோகும். காய்ப்பது உடனே நின்றுவிடும், அது முக்கியம். தூர் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் எடுத்து, குழியை மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

நிறுத்தங்களில் நிற்பவை வேறு கதை. ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விலக்கு நிறுத்தத்தில் பல இடத்தில் சுற்றுவட்டத்தில் இருக்கும் ஒரே நிழல் சீமைக் கருவேலம். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு பேருந்துக்கு நிற்கும் பெண்ணிடம் இது அந்நிய மரம் என்று சொல்லி வெட்டிவிட்டுப் போவது சரியில்லை. அந்த மரத்தைப் பக்கக் கிளை கழித்து ஒற்றைத் தண்டாக உயர்த்தி விடலாம். முள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். காய்ப் பருவத்தில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். அதே நாளில் பக்கத்தில் ஒரு வேம்போ புங்கனோ வாகையோ நட வேண்டும். அது தலைக்கு மேல் நிழல் விழுகிற அளவு வந்ததும் கருவேலத்தை எடுத்துக்கொள்ளலாம். சரணாலயத்தை ஒட்டிய சாலைகளில், கூடு இருக்கும் மரங்களிலும் இதே முறைதான். முதலில் நாட்டுக் கருவேலம் வளர வேண்டும், அதுவும் பறவைகள் குஞ்சு பொரித்துப் பறந்துபோன பிறகுதான் அரிவாள்.

இவை எதிலும் சேராமல், ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்பதைக் கடைசிக்கு வைக்கலாம். பணம் இல்லாத வருஷத்தில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. எடுத்த இடத்தை மூன்று மழைக்குக் காக்க முடியாதென்றால் எடுக்கக்கூடாது. மண்ணில் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். திறந்த மண்ணும் வெளிச்சமும் கிடைத்ததும் ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு நாற்று கிளம்பும்.

நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய கருவேல முள்ளையே புதுக் கன்றைச் சுற்றி அடைப்பாகக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். இரும்புக் கூண்டைவிட மலிவு, ஆடு கிட்டே வராது. காய் இல்லாத கொப்பாகப் பார்த்துக் கட்டினால் போதும்.

யார் கையில்

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது அல்லது ஊராட்சி ஒன்றியத்துடையது. அதை ஒட்டிய புறம்போக்கு வருவாய்த் துறை. பெரிய கண்மாய் நீர்வளத் துறை, சிறிய கண்மாய் ஒன்றியம். மரத்துக்கு மதிப்புப் போட வனத்துறை. பத்தடி அகலத்துக்குள் இத்தனை பேர். ஒருவர் தன் எல்லைக்குள் எடுத்தாலும் பக்கத்து எல்லையில் நிற்பது காய்த்துக் கொட்டுகிறது. அதனால் ஏலத்தைத் துறைவாரியாக விடாமல் ஒரு கண்மாயின் வரத்துப் பகுதி முழுவதையும் ஒரே அலகாக வைத்து விடவேண்டும் என்று நினைக்கிறேன். மாவட்ட ஆட்சியர் அளவில் ஒரு கூட்டத்தில் முடிவு செய்யக்கூடிய காரியம் இது, புதுச் சட்டம் தேவையில்லை.

ஏல நிபந்தனையில் சேர்க்க வேண்டியவையும் அதிகம் இல்லை. வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்கிக் காய் பழுக்குமுன், பங்குனிக்குள் முடிய வேண்டும். தூர் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி எடுக்கப்பட வேண்டும், குழி மூடப்பட வேண்டும். சுண்ணாம்பு அடித்த மரம் சாய்ந்தால் அபராதம். ஜேசிபி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகுமுன் சங்கிலியிலும் வாளியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதே மரத்தின் விதை இயந்திரங்களோடு பயணம் செய்வதை உணர்ந்து அங்கே இதை ஒரு பழக்கமாக வைத்திருக்கிறார்கள். வைப்புத்தொகையை வேலை முடிந்த அன்று திருப்பித் தரக்கூடாது. அடுத்த கார்த்திகையில், மழை ஒரு சுற்றுப் பெய்த பிறகு, ஊராட்சித் தலைவரும் பொறியாளரும் நடந்து பார்த்து, எத்தனை தூர் தளிர்த்திருக்கிறது என்று எண்ணிய பிறகே தர வேண்டும். அதே வாரத்தில் நூறு நாள் வேலைக்காரர்களை விட்டு நாற்றைப் பிடுங்கச் சொன்னால், மண் ஈரமாக இருப்பதால் வெறும் கையால் வந்துவிடும்.